இஸ்ஃபஹானில் ஒரே நாள்: எந்த மசூதியை முதலில் பார்ப்பது?

கேள்வி: கட்டடக்கலை படிக்கிறேன். ஈரான் பயணத்தில் இஸ்ஃபஹானுக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். நக்ஷ்-இ-ஜஹான் சதுக்கத்து மசூதிகளைப் பார்த்தால் போதுமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சதுக்கத்தில் தொடங்காதீர்கள். நீல ஓடுகள் முதலில் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு செங்கல்லைப் பார்க்க மனம் வராது. இங்குள்ள மசூதிகளின் உடம்பே செங்கல்தான். ஓடு மேலே போர்த்தியது. காலையிலேயே நகரின் வெள்ளிக்கிழமைத் தொழுகை மசூதியான பழைய ஜாமே மசூதிக்குப் போய்விடுங்கள்.

முற்றத்தின் நான்கு பக்கமும் நடுவில் ஓர் ஈவான் இருக்கும்: மூன்று புறம் சுவர், முன்புறம் முழுக்கத் திறந்த, வளைகூரை போட்ட உயர்ந்த மண்டபம். பின்னால் வந்த ஈரானிய மசூதிகள் பலவும் இந்த அமைப்பையே எடுத்துக்கொண்டன. தெற்கே, அன்று ஈரானை ஆண்ட செல்ஜுக் அரச மரபின் அமைச்சர் நிஜாமுல் முல்க் எழுப்பிய பெரிய குவிமாடம். ஆனால் அவருடைய போட்டியாளர் தாஜுல் முல்க் 1088 வாக்கில் வடக்குக் கோடியில் கட்டிய சிறிய குவிமாடத்தின் கீழ்தான் நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டும். சதுர அறைமேல் வட்டக் குவிமாடத்தை எப்படி உட்கார வைத்தார்கள் என்பது அங்கே மறைப்பில்லாமல் தெரிகிறது. மூலைகளில் வளைவு போட்டுச் சதுரத்தை எண்கோணமாக்கி, அதன்மேல் 16 சிறு வளைவுகள் வைத்து, அப்புறம்தான் வட்டம். சுவரின் கோடுகளைப் பிடித்துக் கண்ணால் மேலே ஏறுங்கள். உச்சியைச் சுற்றிய ஐங்கோணப் பின்னலில் போய் முடியும். நோட்டில் வரைந்தே பாருங்கள். என் பார்வையில் ஈரானின் மிகச் சிறந்த செங்கல் வேலை இதுதான்.

அங்கிருந்து பழைய கடைவீதி வழியாகவே சதுக்கத்துக்கு நடந்து வரலாம். ஷேக் லுத்ஃபுல்லா மசூதிக்கு மினாராவும் இல்லை, முற்றமும் இல்லை. நுழைந்ததும் மங்கலான நடைவழி ஒன்று திரும்பித் திரும்பிப் போகும். தொழும்போது நோக்க வேண்டிய மக்கா இருக்கும் தென்மேற்குத் திசை சதுக்கத்தின் பக்கங்களோடு பொருந்தவில்லை. அந்தக் கோணத்தை நடைவழிக்குள்ளேயே தீர்த்துவிட்டார்கள்.

1611இல் தொடங்கிய ஷா மசூதியிலும் அதே சிக்கல்தான். அங்கே வாயிலைக் கடந்ததும் கட்டடம் முழுவதுமே 45 பாகை திரும்பிவிடும். வாயிலில் நிறம் நிறமாக வெட்டி ஒட்டிய ஓட்டுத் துண்டுகள். உள்சுவர்களில் பெரும்பாலும் ஒரே ஓட்டில் பல வண்ணம் தீட்டிச் சுட்ட ஹஃப்த் ரங்கி. இது சீக்கிரம் முடியும் வேலை. குவிமாடம் இரண்டு அடுக்கு: வெளியே 50 மீட்டருக்கு மேல் உயரம், உள்கூரை அதைவிட வெகு தாழ்வு.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள். பொழுது போதவில்லை என்றால் ஷா மசூதியில் சுருக்கிக்கொள்ளுங்கள், ஜாமே மசூதியில் வேண்டாம்.