பத்தாயத்தையும் பழைய ஜன்னலையும் என்ன செய்வது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கம் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, போன வருடம் காங்கிரீட் வீடு கட்டிக் குடியேறினோம். நெல் கொட்டி வைக்கும் மாமியார் காலத்துப் பத்தாயம் ஒன்று, அயனி மரத்தில் செய்த நான்கு ஜன்னல் கதவுகள், பனையோலையில் முடைந்த இரண்டு கடவப்பெட்டி, ஒரு வெண்கல உருளி, கொஞ்சம் ஓடு, சாக்கு நிறைய தேங்காய்ச் சிரட்டை, பழைய சேலைகள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். வீடியோ பார்த்து சிரட்டையில் விளக்கும் சணல் கயிற்றில் தொங்கலும் செய்தேன். ஆடி முடிவதற்குள் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. ஹாலில் மாட்டிய ஜன்னல் கதவிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்தும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அதிகச் செலவில்லாமல் இவற்றை வீட்டில் அழகாக வைக்க வழி இருக்கிறதா?

பதில்: ஆக்கர் கடைக்கு எதையும் போடாதீர்கள், முக்கியமாக அந்தப் பத்தாயத்தை. நல்ல மரத்தில் ஒரு பத்தாயம் புதிதாகச் செய்ய இன்று ஆகும் செலவைக் கேட்டால் வீட்டுக்காரரே மனம் மாறிவிடுவார்.

உங்கள் கைவேலையில் குறையில்லை. வீடியோவில் காட்டுகிற ஊரும் நம் ஊரும் வேறு என்பதுதான் சிக்கல். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். வருடத்தில் பாதிக்கு மேல் காற்றில் ஈரம். போதாக்குறைக்கு உங்கள் வீடு புதியது. சிமெண்ட் பூச்சில் இருக்கும் தண்ணீர் முழுவதும் வெளியேற நாளாகும். அந்தச் சுவரில் மரத்தையும் சணலையும் ஒட்டி மாட்டினால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும் அது காய்ந்திருக்கிறதா, அதற்குள் உயிர் ஏதும் இருக்கிறதா, வைக்கப்போகும் இடத்தில் காற்று ஓடுமா என்று முதலில் பாருங்கள். அழகைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

ஜன்னல் கதவில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது அவசரம். கொட்டுகிற தூள் கரையான் வேலை இல்லை. கரையான் என்றால் மண் பூசிய பாதை தெரியும். இது மரத்தை உளுக்க வைக்கும் சிறு வண்டு. அதன் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, குண்டூசித் தலை அளவு ஓட்டை போட்டு வெளியே வரும். கதவை உடனே சுவரிலிருந்து இறக்கி, மற்ற மரச் சாமான்களை விட்டுத் தள்ளி வையுங்கள். ஓட்டைகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டிவிட்டு, கதவுக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள். தாளில் புதிதாக வெளிறிய மாவு விழுந்திருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. ஒன்றும் விழாவிட்டால் அது பழைய காயம், பயமில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஓட்டைகள் பெரும்பாலும் சட்டத்தின் ஓரத்தில், நிறம் வெளிறிய பட்டையில்தான் இருக்கும். ஆசாரிமார் அதை வெள்ளை என்பார்கள். வைரம் பாய்ந்த நடுப்பகுதியை இந்த வண்டு அவ்வளவாகத் தொடாது. வெள்ளைப் பகுதியை நகத்தால் அழுத்தினால் பொடிந்து போகிறதென்றால், அந்த ஓரத்தை ஆசாரியிடம் சொல்லிச் சீவி எடுத்துவிடுவதே நல்லது. அரை அங்குலம் குறைந்தால் கதவின் அழகு போய்விடாது.

மருந்துக்கு வெண்காரம் (போராக்ஸ்) போதும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 30 கிராம் வெண்காரம், 20 கிராம் போரிக் ஆசிட் பொடி போட்டுக் கரையுங்கள். பெயிண்டோ பாலிஷோ இல்லாத வெறும் மரத்தில்தான் இது உள்ளே இறங்கும். பிரஷ்ஷால் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை தடவுங்கள். ஓட்டைகளுக்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் செலுத்துங்கள். பிறகு நிழலில் ஒரு வாரமாவது காய வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கரைசலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இது மழைத் தண்ணீரில் கரைந்து போய்விடும் மருந்து. ஆகவே திண்ணைக்கு வெளியே, சாரல் படுகிற இடத்துக்கு உதவாது.

நம் பக்கத்தில் பெரியவர்கள் அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக் கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசச் சொல்வார்கள். வள்ளத்துக்கும் வேலிக்கம்புக்கும் அருமையான மருந்து. ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் போடும். நான் தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு கட்டிலுக்கு அதைப் பூசிவிட்டு இரண்டு கையும் பொங்கி, பத்து நாள் சோறு அள்ளிச் சாப்பிட முடியாமல் இருந்தேன். கை படும் வீட்டுச் சாமானுக்கு அது வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் ஏன் உதவவில்லை என்றால், அது எத்தனை நாளானாலும் உலர்ந்து படலமாக மாறாத எண்ணெய். மரத்தின் மேலேயே பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். நீங்கள் தேய்த்ததை முதலில் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து எடுத்தால்தான் வெண்காரமும் இறங்கும். உலரும் எண்ணெய் என்றால் ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் ‘டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று கேளுங்கள். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு உண்டாகும், குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துப் போடுங்கள். ஜன்னல் கதவுக்கு இதைவிடத் தண்ணீரில் கலக்கும் மேட் கிளியர் கோட் இன்னும் பொருத்தம், மழைக்காலத்தில் பூஞ்சை குறைவு. எதைப் பூசினாலும் பின்பக்கத்தையும் விளிம்புகளையும் விடாமல் பூசுங்கள். முன்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு மாட்டினால் பின்பக்கம் ஈரம் குடித்துக் கதவு வளையும்.

கதவில் பழைய பச்சை பெயிண்ட் இருக்கிறதா? இருந்தால் கையை வைக்கும் முன் இதைப் படியுங்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்ட வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பறக்கும், சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். வீட்டுக்கு வெளியே வைத்து, தண்ணீர் தெளித்து நனைத்தபடி, வாட்டர் பேப்பரால் மட்டும் தேய்க்கவும். நல்ல முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, கழிவை அதோடு சுருட்டிக் கட்டிவிடவும். உரியாமல் உறுதியாக ஒட்டியிருக்கும் பெயிண்ட் என்றால் தேய்க்காமல் அப்படியே மேலே கிளியர் கோட் அடித்துவிடலாம். மங்கிய பச்சைக்கு ஒரு தனி அழகுண்டு. ஆனால் அது வண்டு இல்லாத கதவுக்கு மட்டும். வண்டு இருந்தால் பெயிண்டை எடுக்காமல் வழியில்லை.

சரி, இத்தனையும் செய்த பிறகு கதவை எங்கே வைப்பது? என் யோசனை, சுவரில் மாட்டவே வேண்டாம். நான்கு கதவையும் பித்தளைக் கீல் போட்டு ஒன்றோடொன்று சேர்த்தால் மடக்குத் தட்டி ஆகிவிடும். ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே நிறுத்துங்கள். நான்கு பக்கமும் காற்று படும், புதுச் சுவரின் ஈரம் படாது. பழைய கொண்டியையும் கழற்றாமல் விடுங்கள். தக்கலை பக்கம் போகும்போது பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையை ஒருமுறை நின்று பாருங்கள். மரச் சட்டங்களுக்கு நடுவே வண்ண அபிரகத் (மைக்கா) தகடு வைத்த ஜன்னல்கள் அங்கே உண்டு. வெயிலைத் தணித்துக் காற்றை விடச் செய்த அமைப்பே அந்த அறைக்கு அலங்காரமாகிவிட்டது. உங்கள் தட்டியும் அப்படித்தான், அடுக்களைப் பக்கத்து வெளிச்சம் அழிச் சட்டங்களின் இடைவெளி வழியாக ஹால் தரையில் கோடுகோடாக விழும். சுவரில்தான் வேண்டுமென்றால் வீட்டின் உள்சுவரில், பின்னால் கட்டை கொடுத்து ஓர் அங்குல இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

பத்தாயத்தை வெட்டாதீர்கள். மேசையாக்கலாம், புத்தக அலமாரியாக்கலாம் என்று பலரும் அறுத்துத் தருவார்கள். அது முளையும் பொழியுமாக, அதாவது ஒரு பலகையின் முனையை அடுத்ததன் பள்ளத்தில் சொருகிப் பூட்டிய பெட்டி. ஒரு பலகையை அறுத்தால் மொத்தமும் ஆட்டம் காணும். உள்ளே டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள். பழைய உமியும் நெல் தூசியும் படிந்திருக்கும், அதுதான் பூச்சிக்குத் தீனி. உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி எடுத்து, மூடியைத் திறந்து போட்டு நாலைந்து நாள் காற்றாட விடுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பலகை வெடிக்கும். பிறகு ஜன்னலோரம் போட்டு, மேலே பஞ்சு மெத்தை விரித்தால் இருவர் உட்காரும் இருக்கை. உள்ளே போர்வை, தலையணை வைக்கலாம். கால்களுக்கு அடியில் உடைந்த கிரானைட் துண்டு கொடுத்தால் தரை துடைக்கும் தண்ணீர் மரத்தில் ஏறாது. அரிசி, நெல் வைப்பதாக இருந்தால் உட்புறம் வெண்காரம் பூசவே கூடாது.

பத்தாயத்திலோ பரணிலோ ஓலைச்சுவடி ஏதாவது கிடைத்ததா? நம் ஊர்ப் பழைய வீடுகளில் வைத்தியமும் வர்மமும் எழுதிய கட்டுகள் கிடப்பதுண்டு. அதை விரித்துச் சட்டம் போட்டு மாட்ட வேண்டாம். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.

சிரட்டை பூஞ்சை பிடித்ததற்குக் காரணம் உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காய்த் தோல். நன்றாக முற்றிய, கறுத்த சிரட்டையாகப் பொறுக்கி, உடைந்த கண்ணாடிச் சில்லாலோ கத்தியாலோ உள்ளும் புறமும் நார் போகச் சுரண்டுங்கள். அதன் பிறகு 80, 150, 220, 400 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றித் தேய்க்க வேண்டும். 400-ஐத் தாண்டியதும் எதுவும் பூசாமலே சிரட்டை கண்ணாடி மாதிரி மின்னும். உள்ளே எல்.இ.டி. பல்பு மட்டும், அதுவும் சிரட்டையைத் தொடாமல். திரி விளக்கு வைக்காதீர்கள், சிரட்டை எப்படி எரியும் என்பது உங்கள் அடுப்புக்கே தெரியும். சாக்கு முழுவதையும் விளக்காக்க வேண்டாம், மூன்று போதும். சணலுக்குப் பதிலாகத் தென்னந்தும்புக் கயிறு போடுங்கள், ஈரத்தை அது நன்றாகத் தாங்கும்.

கடவப்பெட்டிக்கு வார்னிஷ் வேண்டாம், மடிப்பில் விரிசல் விடும். மழை விட்ட காலை வெயிலில் அவ்வப்போது காட்டி, துவைக்கும் துணி போடவோ செய்தித்தாள் போடவோ வையுங்கள். உருளியைப் புளி போட்டுத் துலக்கி வாசலில் பூ மிதக்க விடலாம். தண்ணீரை வாரம் இருமுறை மாற்றி உட்புறம் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு கொசு வளர இப்படி ஒரு பாத்திரம் போதும். ஓட்டின் பின்புறம் கம்பெனி முத்திரை இருக்கிறதா பாருங்கள். இந்த வகை ஓட்டை 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் தொடங்கிய ஆலையைத் தொடர்ந்துதான் இந்தக் கரையெங்கும் செய்ய ஆரம்பித்தார்கள். எழுத்துத் தெரிகிற ஓடுகளைப் பாசி போகத் தேய்த்து, முன்வாசலில் செடித் தொட்டிகளுக்கு விளிம்பாக வரிசையாக நடுங்கள். ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு மேல் கனக்கும், சுவரில் தொங்கவிட வேண்டாம்.

நூல் சேலைகளை நாலைந்து அடுக்காக வைத்து ஓட்டுத் தையல் போட்டால் பத்தாயத்தின் மேல் விரிப்பு ஆகிவிடும். பட்டுக்கு மடிப்பில்தான் இற்றுப்போகும் குணம் உண்டு, அடியில் பருத்தித் துணி கொடுத்துத் தைத்தால்தான் நிற்கும்.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் காற்று உலர்ந்து கிடைப்பது அப்போதுதான். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஹாலில் இருக்கும் அந்த ஜன்னல் கதவை இன்றைக்கே இறக்கி, பத்தாயத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் தனியாக வையுங்கள்.