இராயனும் கெத்செமனேயும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று ரோமர் 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. வழிபாட்டைப் பற்றி அரசு ஒரு சட்டம் போட்டால், அதற்கும் கிறிஸ்தவன் கீழ்ப்படிந்தாக வேண்டுமா?

பதில்: ஏழாம் வசனம் வரை வாசித்துப் பாருங்கள். வரி, தீர்வை, பயம், கனம் ஆகிய நான்கையும் அவரவருக்கு உரியபடி செலுத்தச் சொல்கிறார் பவுல். அந்தப் பட்டியலில் விசுவாசம் இல்லை, ஆராதனையும் இல்லை. அப்போது ரோமை ஆண்ட பேரரசன் நீரோ. அவனுக்கு வரி கொடுக்கச் சொன்ன அதே பவுல், எதை நம்புவது என்று அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்ற பேதுரு, "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று சொன்னதையும் (அப்போஸ்தலர் 5:29) சேர்த்து வாசித்தால் எல்லை எங்கே என்பது விளங்கிவிடும்.

கேள்வி: பெரும்பான்மையினர் கிறிஸ்தவர்களாக உள்ள நாட்டில், ஞாயிற்றுக்கிழமை ஓய்வைச் சட்டமாக்குவதில் என்ன தவறு? நல்ல காரியத்துக்குத்தானே அரசின் கை பயன்படுகிறது?

பதில்: இதே கேள்வி அமெரிக்காவில் செனட் வரை போயிற்று. 1888-இல் நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் ஹென்றி பிளேர் ஞாயிறு ஓய்வுச் சட்ட மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி, அவர் தலைமை வகித்த குழுவின் முன் அலோன்சோ ஜோன்ஸ் என்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் ஊழியர் வந்து மசோதாவை எதிர்த்து வாதாடினார். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கைக்கொள்ளும் சபையைச் சேர்ந்தவர் என்பதால், தம் மக்களுக்கு விலக்கு கேட்டு வந்திருப்பார் என்றே எவரும் நினைப்பார்கள். அவரோ விலக்கு வேண்டாம் என்றார். சனிக்கிழமையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தாலும் இதே அளவுக்கு எதிர்ப்பேன் என்றார். அந்த வாதத்தின் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். தன் விசுவாசத்துக்குச் சாதகமான சட்டத்தையே வேண்டாம் என்று சொல்லத் துணிகிறவன்தான் மனச்சாட்சியின் சுதந்திரத்தை உண்மையில் புரிந்துகொண்டவன்.

மசோதா நிறைவேறவில்லை. ஆனால் மாநிலச் சட்டங்கள் இருந்தன. டென்னசியின் ஓபியன் மாவட்டத்தில் ஆர். எம். கிங் என்ற விவசாயி, சனிக்கிழமை ஓய்ந்திருந்துவிட்டு, 1889-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் நிலத்தில் வேலை செய்தார். அது பொதுத் தொல்லை என்று வழக்காகி, அவருக்கு 75 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளும் பலிக்காமல் 1891-இல் அவர் இறந்தார். அந்த ஞாயிறு அவர் செய்த வேலையால் எந்த அயலானுக்கு என்ன சேதம் என்று யோசித்துப் பாருங்கள். அண்டை வீட்டாரை நேசிக்கச் சொன்னவரின் பெயரால் அண்டை வீட்டாரையே நீதிமன்றத்துக்கு இழுத்த கதை இது.

கேள்வி: இயேசு கெத்செமனேயில் உண்மையிலேயே கலங்கினாரா? தேவனாயிருக்கிறவருக்கு மனித சித்தம் என்று தனியாக ஒன்று எதற்கு? இதெல்லாம் பண்டிதர்களின் வீண் வாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில்: வீண் வாதம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதற்காக ஒரு முதியவர் தம் நாக்கையும் வலது கையையும் இழந்திருக்கிறார்.

கிறிஸ்து முழுமையான தேவன், முழுமையான மனிதர், அதாவது இரண்டு இயல்புகள் உள்ளவர் என்று 451-இல் கால்செதோன் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் அறிக்கையிட்டது. எகிப்திலும் சிரியாவிலும் பலர் அதை ஏற்கவில்லை. பாரசீகருடன் நெடும்போர் நடத்தி முடித்திருந்த கிழக்கு ரோமப் பேரரசர் ஹெராக்ளியுசுக்கு அந்த மாகாணங்களின் ஒற்றுமை வேண்டியிருந்தது. எனவே, கிறிஸ்துவுக்கு இரண்டு இயல்புகள் இருந்தாலும் சித்தம் ஒன்றே என்ற சமரசக் கொள்கையை 638-இல் அவர் ஆணையாகவே வெளியிட்டார். அவர் பேரன் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் 648-இல் இன்னொரு ஆணை பிறப்பித்து, ஒரு சித்தமா இரண்டா என்று எவரும் பேசவே கூடாது என்று தடுத்தார். மீறினால் ஆயருக்குப் பதவி போகும், செல்வருக்குச் சொத்து போகும், எளியவருக்குச் சவுக்கடியும் நாடுகடத்தலும் கிடைக்கும். கிறிஸ்துவின் மனிதத் தன்மை அரசாங்க அமைதிக்கு இடைஞ்சலாகிவிட்டது!

மாக்சிமுஸ் என்ற துறவி பேசாமல் இருக்கவில்லை. கெத்செமனே ஜெபத்தை அவர் எடுத்துக் காட்டினார்: "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." சாவுக்கு அஞ்சிக் கூசிய மனித சித்தம் ஒன்று அங்கே இல்லையென்றால், "என்னுடைய" என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அந்தச் சித்தமே மனமுவந்து பிதாவுக்கு இணங்கியது. ஏதேனில் மனிதனிடம் முதலில் பிசகியது எது? அவனுடைய சித்தம். அதையே ஆண்டவர் ஏற்றுக்கொள்ளாமல் விட்டிருந்தால், நம்மில் மிகவும் நோயுற்ற பாகம் மருந்தில்லாமலே கிடந்திருக்கும். "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவர்" என்று எபிரெயர் 4:15 சொல்வதும் அப்போதுதான் ஆறுதலாகும். ஆகவே, ஆம், அவர் உண்மையிலேயே கலங்கினார்.

655-இல் கான்ஸ்டான்டிநோபிளில் மாக்சிமுசை விசாரித்தார்கள். கிறிஸ்தவப் பேரரசர் ஆசாரியரும் அல்லவா என்று கேட்டபோது அவர் இல்லை என்றார்: பேரரசர் பலிபீடத்தில் நிற்பதில்லை, அப்பத்தை உயர்த்துவதில்லை, ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, ஆராதனையில் அவர் பெயர் வாசிக்கப்படுவதும் குருமாருக்குப் பின்பு, பொதுமக்களோடுதான். தினமும் ஆலயத்தில் எல்லோர் கண்முன்னும் நடப்பதைச் சொன்னார், அவ்வளவுதான். நாடுகடத்தினார்கள், இணங்கவைக்க ஆயர்களை அனுப்பிப் பார்த்தார்கள். 662-இல், எண்பது வயதைக் கடந்தவரின் பேசிய நாக்கையும் எழுதிய கையையும் வெட்டி, கருங்கடலுக்குக் கிழக்கே லாசிக்காவுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கேயே இறந்தார்.

இந்த வரலாற்றில் உபதேசமும் அரசாட்சியும் எனக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை. குமாரனுடைய மனித சித்தத்தையே பிதா வற்புறுத்தவில்லை. இரத்தப் பெருந்துளிகளாக வேர்வை விழும் நேரத்திலும் அது தானாக இணங்கும்வரை காத்திருந்தார். அப்படியிருக்க, சவுக்கை எடுத்து ஒருவனுடைய சித்தத்தை வளைக்கிற பேரரசன், இரட்சிப்பு நடந்த விதத்தையே மறுக்கிறான்.

ஒரு வருத்தத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். 680-681-இல் அதே கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கம் மாக்சிமுசின் போதனையே சரி என்று தீர்மானித்தது. ஒரே சித்தம் என்று பிடிவாதமாக நின்ற அந்தியோகியா ஆயர் மக்காரியுவைப் பதவி நீக்கி நாடுகடத்தினார்கள். போதனை திருந்தியது, பழக்கம் திருந்தவில்லை. அந்தச் சங்கத்தின் முக்கிய அமர்வுகளுக்குத் தலைமை வகித்தவர் பேரரசர் நான்காம் கான்ஸ்டன்டைன், அந்த ஆணையைப் பிறப்பித்த கான்ஸ்டன்சின் மகன். மாக்சிமுசின் பெயர் சங்கத்தின் தீர்மானத்தில் இடம்பெறவே இல்லை.