சிலிண்டர் காற்றில் ஓடும் நீரடி ஸ்கூட்டர்: செய்யலாம், ஆனால் ஐந்து நிமிடம்தான்

கேள்வி: கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன், புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்டேன். பட்டறையில் சும்மா கிடக்கும் ஏர் டிரில்லில் (அழுத்தக் காற்றில் ஓடும் துளைக்கருவி) ஒரு புரொப்பல்லரை மாட்டி, முதுகில் இருக்கும் சிலிண்டரிலிருந்தே காற்று கொடுத்தால் தண்ணீருக்குள் என்னை இழுத்துப் போகுமா? பேட்டரி, வாட்டர்புரூஃப் தலைவலி எதுவும் இருக்காதே?

பதில்: இழுத்துப் போகும், அதில் சந்தேகமில்லை. ஏர் மோட்டாருக்குத் தண்ணீர் பயம் கிடையாது, ஷாக் அடிக்காது, பாரம் தாங்காமல் நின்றுபோனாலும் காயில் கருகாது. எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதில்தான் கணக்கு உதைக்கிறது.

டைவிங்குக்கு எடுத்துப்போகிற சாதாரண அலுமினியச் சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளும். 200 பாருக்குச் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) சற்று மேல் அடைத்தால், வெளியே விடும்போது ஏறக்குறைய 2,300 லிட்டர் காற்று. அதைத் துளியும் வீணாக்காமல் விரியவிட்டு வேலை வாங்க முடிந்தால் ஏறக்குறைய 280 வாட் மணி வரும், அதாவது 75 வாட் சீலிங் ஃபேன் மூன்றே முக்கால் மணி நேரம் ஓடும். ஆனால் 200 பாரை டிரில்லுக்குள் விட முடியாது, ரெகுலேட்டர் வைத்து 7 பாருக்கு இறக்குகிறோம் இல்லையா, அந்த இறக்கத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. காற்று அங்கே ஒரு வேலையும் செய்யாமல் சும்மா விரிகிறது. மிச்சம் 130 சொச்சம் வாட் மணி. டிரில்லுக்குள் இருக்கும் வேன் மோட்டாரும் (காற்று தள்ளும் தகடுகளால் சுழல்வது) காற்றை முழுக்க விரியவிடாமல் அழுத்தத்தோடேயே வெளியே தள்ளிவிடும், இடுக்குகளில் கசிவது வேறு. கடைசியில் தண்டுக்கு வந்து சேர்வது 30 வாட் மணி. அதே ஃபேன் 25 நிமிடம்கூட ஓடாது.

டிரில் பெட்டியில் நிமிடத்துக்கு 4 கன அடி என்று போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். பல கம்பெனிகள் நிமிடத்தில் கால்வாசி நேரம்தான் ஓடும் என்று வைத்து அந்தச் சராசரியைப் போடுகின்றன. விசையை விடாமல் பிடித்தால் நாலு மடங்கு, நிமிடத்துக்கு 450 லிட்டர். வகுத்துப் பாருங்கள், ஐந்து நிமிடம். எல்லாம் சரியாக அமைந்தால் நடைவேகத்தில் 300 மீட்டர் போகலாம்.

இது நம் காலத்துச் சிக்கலும் இல்லை. 1863-ல் பிரான்ஸில் மிதக்கவிட்ட 'பிளோன்ஷர்' நீர்மூழ்கி, 12 பார் காற்றை 23 தொட்டிகளில் மொத்தம் 153 கன மீட்டர் சுமந்தும் ஒன்பது கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. 1866-ல் வந்த வைட்ஹெட் டார்பிடோவும் (தண்ணீருக்குள் தானே ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் குண்டு) காற்றில்தான் ஓடியது. பின்னால் வந்தவர்கள் எரிபொருளை எரித்து அந்தக் காற்றைச் சூடாக்கிய பிறகுதான் அது தூரம் போனது, ஏனென்றால் விரிகிற காற்று குளிர்ந்து சுருங்கிவிடும். நான் ஒருமுறை சித்திரை வெயிலில் தொட்டியில் ஓட்டிப் பார்த்தபோது, கரையில் இருந்த ரெகுலேட்டர் மேல் மூன்றாவது நிமிடத்தில் வெள்ளையாகப் பனி பூத்தது, விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு.

அதனால்தான் சொல்கிறேன், மூச்சுக்கும் மோட்டாருக்கும் ஒரே சிலிண்டர் கூடவே கூடாது. ஐந்து நிமிடத்தில் காலியாகும் என்பது ஒரு பக்கம், இப்படி உறைகிற ரெகுலேட்டர் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் உங்கள் மூச்சுக் காற்றும் சேர்ந்து குமிழியாகப் போய்விடும். மோட்டாருக்குத் தனிச் சிலிண்டர், தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டர் வாயில் மாட்டும் ரெகுலேட்டர்), ஹோஸில் ஒரு சேஃப்டி வால்வ். பட்டறையில் இருக்கிறதே என்று வெல்டிங் ஆக்ஸிஜன் சிலிண்டரை மட்டும் மாட்டிவிடாதீர்கள்: ஏர் மோட்டாருக்குள் எண்ணெய் இருக்கும், எண்ணெயும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

யாரும் யோசிக்காத இன்னொன்று எடை. 2,300 லிட்டர் காற்று ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ. ஐந்து நிமிடத்தில் அவ்வளவும் வெளியேறிவிட்டால், கையில் இருக்கும் கருவி திடீரென்று மிதவையாகி உங்களை மேலே தூக்கும். 10 மீட்டரில் மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், அது ஆளையே கொன்றுவிடும். காலிச் சிலிண்டரோடு மிதக்காத அளவுக்கு ஈயம் கட்டுங்கள், ஆரம்பத்தில் கொஞ்சம் கனமாக இருந்தால் பரவாயில்லை. கையை எடுத்தால் தானாக மூடும் விசையும், புரொப்பல்லரைச் சுற்றி வளையமும் கட்டாயம்.

ஆழம் போகப்போக மூச்சுக் காற்று செலவாகிற மாதிரி மோட்டார் காற்று செலவாகாது, 10 மீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் கூடும். ஓட்டம் நின்றதும் எக்ஸாஸ்ட் வழியே உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும், அங்கே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் (ஒரு பக்கம் மட்டும் திறப்பது) வையுங்கள், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே ரோட்டர் துருப்பிடித்து இறுகிவிடும். மீன் பார்க்கும் ஆசை இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அந்தச் சத்தத்துக்கும் குமிழிக்கும் ஒரு மீனும் நிற்காது.

தூரம்தான் வேண்டுமென்றால் பேட்டரிக்குப் போங்கள், மூன்று கிலோ லித்தியம் பேக்கில் 500 வாட் மணி இருக்கிறது, காலிச் சிலிண்டரே 14 கிலோ. செய்து பார்க்கும் ருசிக்காக என்றால் தாராளமாகச் செய்யுங்கள், லேத் கையில் இருக்கிறது. டிரில்லின் 2,500 சுற்றைக் கியர் வைத்து 1,000-க்கு இறக்கி, 20 சென்டிமீட்டர் புரொப்பல்லர் மாட்டி, முதலில் ஒரு தொட்டியில் ஸ்பிரிங் தராசில் கட்டி இழுக்கவிடுங்கள். எட்டு கிலோவாவது காட்டவில்லை என்றால் புரொப்பல்லரை மாற்றுங்கள், கடலுக்கு அப்புறம் போகலாம்.