ராணி தளர்ந்தால் ஜூன் மழை வரை காத்திருக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பத்துப் பெட்டி இந்தியத் தேனீ வைத்திருக்கிறேன். ஏப்ரலில் கடைசித் தேன் எடுத்தாயிற்று. ஒரு பெட்டியில் மட்டும் புழு அடை (முட்டையும் புழுவும் வளரும் அடை) இடையிடையே காலி அறைகளோடு திட்டுத்திட்டாகத் தெரிகிறது. ராணி இருக்கிறது, வயது ஒன்றரை ஆண்டு. ராணி சரியில்லை என்று எப்படி உறுதி செய்வது? இப்போதே மாற்றுவதா, மழை முடிந்தபின் பார்த்துக்கொள்வதா?
– வாசகர், குலசேகரம்

பதில்: மழை முடியட்டும் என்று விட்டால் செப்டம்பரில் பெட்டிதான் மிஞ்சும், ஈ மிஞ்சாது. அதற்காக இன்றே ராணியை நசுக்கிவிடவும் வேண்டாம்.

முதலில் மற்ற ஒன்பது பெட்டிகளையும் திறந்து பாருங்கள். ரப்பர் தேன் வரத்து நின்றதும் எல்லா ராணிகளும் முட்டையைக் குறைக்கும். எல்லாவற்றிலும் புழு குறைந்திருந்தால் அது பருவத்தின் வேலை. இந்தப் பெட்டியில் மட்டும் என்றால், புழு வளரும் கீழ் அடுக்கிலேயே தேன் நிரம்பி ராணிக்கு இடமில்லாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து நோய். மூடாத அறையில் புழு தலையைத் தூக்கிக்கொண்டு படகு போல மல்லாந்து செத்துக் கிடந்து, எடுத்தால் நீர் கோத்த பை போல வந்தால் அது சாக்புரூட் வைரஸ். 1991-92இல் குமரி மாவட்டப் பெட்டிகளைக் காலி செய்தது இதன் தாய்லாந்து வகைதான். நோய் கண்ட பெட்டியிலிருந்து அடை கட்டிய மரச்சட்டம் ஒன்றுகூட வேறு பெட்டிக்குப் போகக் கூடாது. இன்னொன்றோடு சேர்க்கவும் கூடாது.

இரண்டும் இல்லையென்றால் ராணியைச் சந்தேகிக்கலாம். மூடிய புழு அடையைப் பாருங்கள். ஆண் தேனீ அறையின் மூடி கூம்பாகப் புடைத்து, நடுவில் குண்டூசித் துளை போல ஓட்டையுடன் இருக்கும். அடையின் கீழ் விளிம்பில் அப்படிச் சில அறைகள் இருப்பது இயல்பு. நடு அடையில், பணித் தேனீ அறைகளுக்கு நடுவே அங்கங்கே புடைத்திருந்தால், ராணியிடம் விந்து தீர்ந்து, கருவுறாத முட்டைகள் ஆண் தேனீயாகின்றன என்று பொருள். அதற்கு மருந்தும் இல்லை, தீனியும் இல்லை.

புடைப்பு இல்லாமல் வெறும் திட்டுத்திட்டு மட்டும் என்றால் பத்து நாள் தவணை கொடுங்கள். 200 கிராம் சீனியை அதே அளவு தண்ணீரில் கரைத்து, இரண்டு மூன்று தவணையாக, மாலையில், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையிட வந்துவிடும். முட்டை பொரிய மூன்று நாள், அறை மூடப்பட இன்னும் ஐந்து நாள். ஆகவே பத்தாம் நாள் திறந்த அறைகளில் தெரியும் முட்டையும் புழுவும் எல்லாம் தீனி கொடுத்தபின் இட்டவை. அறைக்கு ஒன்றாக, அடுத்தடுத்து இடைவெளியின்றி முட்டை இருந்தால் ராணி பிழைத்தது.

தேறவில்லை என்றால் இனி நாட்காட்டிதான் முடிவு செய்யும். ராணியை எடுத்த நாளிலிருந்து ஈக்கள் இளம் புழுவைத் தேர்ந்து வளர்த்தால் சுமார் 12 நாளில் புது ராணி வெளிவரும். உடல் முதிர ஒரு வாரம், பறந்து இணைசேர்ந்து முட்டையிட மேலும் சில நாள். அந்த முட்டை பணித் தேனீயாக வெளிவர இன்னும் மூன்று வாரம். ஆக ஒன்றரை மாதம். மே முதல் தேதி ராணியை எடுத்தால் ஜூன் நடுவில்தான் புது ஈ. இதில் தவறவிடக் கூடாதது இணைசேரும் பறப்பு. அது மழைக்கு முன், ஆண் தேனீக்கள் இருக்கும்போதே முடிய வேண்டும். தேன் வரத்து இல்லாத காலம் வந்ததும் பணித் தேனீக்கள் ஆண்களைத் துரத்திவிடும். எனவே மே முதல் வாரம் தாண்டினால் புது ராணி வளர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அதற்குள் என்றால்: பழைய ராணியை எடுத்துவிட்டு, நல்ல தேன் தந்த, சாதுவான பெட்டியிலிருந்து முட்டையும் ஒருநாள் புழுவும் உள்ள சட்டம் ஒன்றை ஈக்களை உதறிவிட்டுக் கொடுங்கள். தளர்ந்த ராணியின் மகளை வளர்க்க விடாதீர்கள். மற்ற அடைகளில் எழும் ராணி அறைகளைக் கிள்ளிவிடுங்கள். நான்காம் நாள் திறக்கும்போதே மூடியிருக்கும் ராணி அறை, வயது முதிர்ந்த புழுவிலிருந்து வந்தது. அதையும் நீக்கி, நன்றாக வளர்ந்த ஒன்றோ இரண்டோ மட்டும் விடுங்கள். வாசலில் ராணி தடைத் தகடு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஓடிப்போகும் என்ற பயத்தில் அதை விட்டுவைத்து, கன்னி ராணியை அடைத்து வைத்துவிட்டு, பிறகு ‘ராணி ஆண் முட்டையாகவே இடுகிறது’ என்று புலம்புவது அடிக்கடி நடக்கிறது.

நாள் கடந்துவிட்டால் இணைப்பதே நல்லது. பத்துப் பெட்டியை ஒன்பதாக்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பெட்டிகளை நாளுக்கு ஓர் அடியாக நெருக்கிக் கொண்டுவாருங்கள். முதல் நாள் தளர்ந்த ராணியை எடுத்துவிட்டு, மறுநாள் மாலை நல்ல பெட்டியின் புழு அடுக்கின் மேல் ஒரு செய்தித்தாள் விரித்து, குண்டூசியால் பத்துப் பன்னிரண்டு துளை இட்டு, மற்றதை மேலே வையுங்கள். ஈக்கள் காகிதத்தைக் கடித்துத் தீர்ப்பதற்குள் வாசனை கலந்துவிடும். மூன்றாம் நாள் வாசலில் காகிதத் துணுக்குகள் கிடக்கும். பிறகு ஈ மூடியிருக்கும் அடைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலி அடையை விட்டால் மெழுகு அந்துப்பூச்சி புகும். இந்தியத் தேனீ கூட்டை விட்டு ஓட அது ஒன்றே போதும். மழை முடியும்வரை வாரம் 200 கிராம் சீனி தொடரட்டும்.

கேள்வி: வெளியிலிருந்து வாங்கிய ராணியை விட்டதும் கொன்றுவிட்டன. ஏன்?

பதில்: பெரும்பாலும் அவசரம். பழைய ராணியை எடுத்து ஒரு நாளாவது ஆக வேண்டும். பெட்டிக்குள் இன்னொரு ராணியோ, ராணி அறையோ மிச்சம் இருந்தாலும் புதியதை ஏற்காது. ராணிக் கூண்டைப் புழு உள்ள இரு அடைகளுக்கு நடுவே தொங்கவிடுங்கள். கூண்டின் வாசலை, பொடித்த சீனியைத் தேனில் பிசைந்த உருண்டையால் அடையுங்கள். ஈக்கள் தின்று வழி திறக்கும். அதற்குமுன் ஒருமுறை கூண்டைப் பாருங்கள். ஈக்கள் கம்பியைக் கவ்விப் பந்தாக மொய்த்து, விரலால் தள்ளினாலும் நகராவிட்டால் பகை. அடைப்பை மாற்றி இன்னும் இரண்டு நாள் வையுங்கள். வெளிவந்தபின் ஒரு வாரம் பெட்டியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: ஓர் அறையில் மூன்று, நான்கு முட்டை இருக்கிறது. ராணி அதிகமாக இடுகிறதா?

பதில்: முட்டை அறையின் அடியில் நடுவில் இல்லாமல் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் ராணியே இல்லை, பணித் தேனீக்கள் இடுகின்றன. இந்தியத் தேனீயில் ராணி போனபின் இது வெகு சீக்கிரம் தொடங்கும். இதற்குப் புது ராணி கொடுத்து வீணாக்காதீர்கள். ஈக்களைப் பலமான பெட்டியின் முன் உதறிவிட்டு, பெட்டியை எடுத்துவிடுங்கள். ராணி புதிதாக முட்டையிடத் தொடங்கிய முதல் சில நாளும் அறைக்கு இரண்டு விழுவதுண்டு. அவை அடியில் இருக்கும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.