ரூமுக்குக் கூரையைக் காணோம்!

கட்டட மாடலை எனர்ஜிபிளஸுக்குள் (கட்டடத்துக்கு எவ்வளவு ஏசி, மின்சாரம் வேணும் என்று கணக்குப் போடும் மென்பொருள்) கொண்டுபோனால் வடிவம் சிதைகிறது என்று நம்ம பக்கத்து நண்பர்கள் பலர் கேட்டிருந்தீங்க. காட்பாடியில் உட்கார்ந்து தினமும் இதோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற தகுதியில் எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன்.

குடியாத்தம்: அண்ணா, மூணு மாடி வீட்டை ரெவிட்டிலிருந்து (கட்டட மாடல் வரையும் மென்பொருள்) ஜிபிஎக்ஸ்எம்எல்லா (மாடலை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஃபைல் வகை) எடுத்தேன். ஆறு ரூம் காணோம். மிச்ச ரூமுக்கு மேல கூரையே இல்ல.

ரெவிட் வழக்கமா பரப்பளவை மட்டும்தான் கணக்கெடுக்கும் தம்பி. கன அளவையும் எடு என்று செட்டிங்கில் நாமதான் சொல்லணும். அடுத்து, ரூமின் மேல் எல்லை. அது எட்டு அடியிலேயே நின்றுவிட்டால் அதற்கும் ஸ்லாபுக்கும் நடுவில் உள்ள காற்று யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். எல்லையை ஸ்லாபைத் தாண்டியே வையுங்க, ஸ்லாபில் முட்டி அதுவே நின்றுக்கும். காணாமல் போன ஆறிலும் மூலைச் சுவர்கள் ஒன்றையொன்று தொடுதா, 'ரூம் பவுண்டிங்' (இந்தச் சுவர்தான் ரூமின் எல்லை என்று சொல்லும் செட்டிங்) டிக் இருக்கா என்று பாருங்க.

கூரை இல்லாட்டியும் எனர்ஜிபிளஸ் நிற்காது, அதுதான் ஆபத்து. 'சோன் (மென்பொருள் ஒரே இடமா எடுத்துக் கணக்குப் போடும் பகுதி) முழுசா மூடவில்லை' என்று ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு, தரைப் பரப்பை உயரத்தால் பெருக்கிக் கன அளவு போட்டுக்கொண்டு ஓடிவிடும். மே மாதத்து வேலூர் வெயில் மொட்டை மாடி வழியாகத்தானே இறங்குது? அந்தச் சூடே கணக்கில் வராது. ஏசி லோடு குறைவாக வரும், நாமளும் சந்தோஷமா ரிப்போர்ட் கொடுத்துடுவோம். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில் என்று நம்ம ஊரைக் கிண்டல் பண்ணுவாங்க. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோவிலுக்குத் திரும்பி வந்ததும் கோவில் பட்டியலிலிருந்து போச்சு. அந்த இடத்தில் கூரை இல்லாத ரூமைச் சேர்த்துடாதீங்க.

ராணிப்பேட்டை: சார், ஆபீஸ் நடுவில் இருக்கிற தடுப்புச் சுவரெல்லாம் வெளிச்சுவரா வருது. லோடு எக்கச்சக்கம்.

உங்க சுவர்களுக்கு ஜோடி சேரவில்லை, அதாவது ஒரே சுவரின் இந்த ரூம் பக்கமும் அந்த ரூம் பக்கமும் இணையாததால் வெளிச்சுவர் என்று எடுத்துக்குது. இந்தப் பக்கம் 6 மீட்டரில் ஒரே சுவர், அந்தப் பக்கம் இரண்டு ரூமுக்கு மும்மூன்று மீட்டர் என்றால் எது எதோடு சேரும்? ஓப்பன்ஸ்டுடியோவில் (எனர்ஜிபிளஸுக்கு மாடல் தயார் பண்ணும் மென்பொருள்) முதலில் வெட்டும் கட்டளை, பிறகு ஜோடி சேர்க்கும் கட்டளை. வெட்டுவதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கோங்க, சில சமயம் கண்டபடி துண்டு போட்டுவிடும். இன்னொன்று, உள்பக்க அளவில் ரூம்களை வரைந்திருந்தால் நடுவில் 9 அங்குல இடைவெளி நிற்கும். சுவரின் மையக்கோட்டுக்கு வரைந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆம்பூர்: ஷூ கம்பெனி ஷெட். சாய்வான கூரை 'ஒரே தளத்தில் இல்லை' என்கிறது.

நாலு கால் ஸ்டூலில் ஒரு கால் குட்டையானால் ஆடும், மூணு கால் ஸ்டூல் ஆடாது. கூரையின் நாலு மூலையைக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணமாக்குங்க.

ஆற்காடு: பழைய முற்றம் வைத்த வீடு. ஸ்கெட்ச்அப்பில் (முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்) ஓடு ஓடா வரைந்தேன். இறக்குமதியே ஆகல.

பொறுமைக்கு ஒரு கும்பிடு! ஆனால் மென்பொருளுக்கு ஓடு வேண்டாம், கூரைக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு தகடு போதும். ஓட்டின் தடிமனும் கட்டையும் பொருள் பட்டியலில் போகட்டும். முற்றத்தை சோன் ஆக்காதீங்க, அது வெளிதான். சுற்றியுள்ள சுவர்களை வெளிச்சுவராகவும், தாழ்வாரத்து இறக்கத்தை நிழல் பரப்பாகவும் கொடுங்க. மேலே கண்ணாடியோ ஷீட்டோ போட்டு மூடியிருந்தால் மட்டும் அது தனி சோன்.

சத்துவாச்சாரி: 10-க்கு 12 அடி ரூம், 120 சதுர மீட்டர் காட்டுது!

அடியை மீட்டரா படிச்சிருக்கு. சரியான அளவு 11.15 சதுர மீட்டர். கன அளவு 35 மடங்கு ஏறியிருக்கும். அலகை மாற்றி மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணுங்க. அவசரம் என்றால் மாடலை 0.3048 ஆல் சுருக்கலாம். சுவர் அடுக்குகளின் தடிமன் தனி இடத்தில் இருக்கும், அதில் கை வைக்காதீங்க.