நாடக டிக்கெட்டும் முன்வரிசை சோபாவும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, டிக்கெட் விலையைப் பற்றியவை. மறுபடியும் சொல்கிறேன்: ஹாலில் எத்தனை இருக்கை, வாடகை எவ்வளவு, மொத்தம் எத்தனை ஷோ என்ற மூன்றையும் எழுதாமல் கேட்டால் உருப்படியான பதில் சொல்ல முடியாது.

கே: புது நாடகம் போடுகிறோம். டிக்கெட் என்ன விலை வைக்கலாம்? (மதுரை)

அந்த மூன்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு நோட்டு வேண்டும். முதல் நோட்டில் ஒரே முறை ஆகும் செலவு: செட், உடை, ஒத்திகை இடம், இசைப்பதிவு. இரண்டாம் நோட்டில் ஒவ்வொரு ஷோவுக்கும் ஆகும் செலவு. 300 இருக்கை ஹால் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 25,000. லைட், மைக் 15,000. நடிகர்கள் 12 பேருக்குத் தலா 2,000 வீதம் 24,000. செட் ஏற்ற வண்டியும் கூலியும் 8,000. சாப்பாடு 5,000, விளம்பரம் 8,000. ஆக 85,000. முதல் நோட்டில் 2,40,000 ஆகி, எட்டு ஷோ போடுவதாக இருந்தால் ஷோவுக்கு 30,000 சேரும். மொத்தம் 1,15,000.

இருக்கைக்கு வாருங்கள். லைட்-சவுண்டு மேசை, கேமரா, தூண் மறைக்கும் ஓரங்கள் என்று 20 போகும். பாஸுக்கு 10. விற்க மிஞ்சுவது 270. அதில் 60 சதவீதம்தான் விற்கும் என்று வைத்தால் 162. 1,15,000ஐ அதால் வகுத்தால் சராசரி டிக்கெட் ஏறக்குறைய 710 ரூபாய்.

உங்கள் ஊர் 400க்கு மேல் தாங்காது என்றால் ஷோவுக்கு 65,000தான் வரும். இங்கேதான் பல குழுக்கள் தப்புக் கணக்குப் போடுகின்றன. "இன்னும் நாலு ஷோ சேர்த்தால் சரிக்கட்டிவிடலாம்" என்பார்கள். ஷோ கூடினால் முதல் நோட்டின் பாரம்தான் பங்காகிக் குறையும். இரண்டாம் நோட்டிலேயே 85,000 செலவு, 65,000 வரவு என்றால் கூட்டுகிற ஒவ்வொரு ஷோவும் 20,000 கடனைத்தான் கூட்டும். முதலில் இரண்டாம் நோட்டைக் குறையுங்கள், அல்லது ஷோவுக்கு 20,000 தருகிற ஆளைப் பிடியுங்கள். ஷோவைக் கூட்டுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். இது ஒத்திகை தொடங்கும் முன் தெரிய வேண்டிய விஷயம், அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் அல்ல.

ஹவுஸ்ஃபுல் ஆகும் என்று எழுதி வைத்துக் கணக்குப் போடவே போடாதீர்கள். அறுபது சதவீதம்.

கே: முன்வரிசைக்கு 550 ரூபாய் வைக்க ஆசை. ஜிஎஸ்டி வருமா? (சென்னை)

நாடகத்துக்கு ஒருவருக்கான அனுமதிக் கட்டணம் 500 வரை விலக்கு. 501 ஆனால், நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், முழுத் தொகைக்கும் 18 சதவீதம். 500க்கு மேற்பட்ட ஒரு ரூபாய்க்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 550இல் வரியை உள்ளடக்கி விற்றால் கைக்கு வருவது 466. 500க்கு விற்றிருந்தால் 500 வந்திருக்கும். வரி போக 500 நிற்க வேண்டுமென்றால் விலை 590. ஆகவே 501 முதல் 590 வரை எந்த விலை வைத்தாலும் லாபமில்லை. 500இல் நில்லுங்கள், அல்லது துணிந்து 750க்குப் போங்கள்.

பதிவு பெறாத சிறு குழு, டிக்கெட்டில் ஜிஎஸ்டி என்று அச்சிட்டு வசூலிக்கவே கூடாது. இன்னொருவர் சினிமா தியேட்டர் கணக்கை இதோடு போட்டுக் குழப்பியிருக்கிறார். சினிமாவுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. அது வேறு, இது வேறு.

கே: ஆன்லைனிலும் கவுன்ட்டரிலும் விற்றோம். ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் வந்து சண்டையாகிவிட்டது. யார் பொறுப்பு? (திருச்சி)

நீங்கள்தான். இரண்டு இடத்தில் விற்றால் வரிசைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: ஏ முதல் ஹெச் வரை ஆன்லைன், மற்றது கவுன்ட்டர் என்று. ஷோ அன்று காலை ஆன்லைனை மூடி, மிச்சப் பட்டியலை அச்செடுத்துக் கவுன்ட்டருக்குக் கொண்டுவாருங்கள். கவுன்ட்டரில் ஒரே ஒரு வரைபடம், ஒரே ஒரு பேனா இருக்கட்டும்.

கே: எங்கள் சபா ஹாலில் முதல் இரண்டு வரிசை சோபா. விஐபிக்களுக்கென்று வைத்திருக்கிறோம். பாதி நாள் காலியாகவே இருக்கிறது. என்ன செய்வது? (கோவை, சபா செயலாளர்)

நல்ல கேள்வி. தமிழ்நாட்டு நாடக மேடையை அரித்துக்கொண்டிருக்கும் வியாதியைத் தொட்டிருக்கிறீர்கள்.

என்ன நடக்கிறதென்று பாருங்கள். ஷோ ஏழு மணிக்கு. ஆறே முக்கால் வரை சோபாவில் "ரிசர்வ்டு" சீட்டு ஒட்டியிருக்கிறது. நாற்பது இடத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மணி அடித்த பிறகு தன்னார்வலர் ஒருவர் ஓடிவந்து, பின்வரிசையில் இருப்பவர்களை "முன்னாடி வாங்க சார், முன்னாடி வாங்க" என்று கூப்பிடுகிறார். நூறு ரூபாய் டிக்கெட்காரர் சோபாவுக்கு வந்துவிடுகிறார். மூன்றாம் வரிசைக்கு ஐந்நூறு கொடுத்தவர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை அவரும் நூறு ரூபாய் டிக்கெட்தான் வாங்குவார். திரை விலகும்போது நடிகர் முன்னால் பார்ப்பது வெறும் சோபாவை. முதல் சிரிப்பு எழ வேண்டிய இடமே அந்த வரிசைகள்தான், அங்கே ஆளில்லை என்றால் பின்னால் இருப்பவர்களும் சிரிக்கத் தயங்குவார்கள்.

காசுக் கணக்கு: 40 இருக்கை, 500 ரூபாய், வருடத்துக்குப் பத்து நாடகம். 2,00,000. இதை இனாமாகக் கொடுத்துவிட்டு, மைக் சரியில்லை, ஏசிக்குப் பணமில்லை என்று பொதுக்குழுவில் புலம்புகிறோம்.

செய்ய வேண்டியவை. ஒன்று, சோபாவை விற்பனைக்குக் கொண்டுவாருங்கள், அதுதான் உங்கள் விலை உயர்ந்த இருக்கை. இரண்டு, பாஸுக்கென்று ஆறே ஆறு இடம் ஒதுக்குங்கள். அதுவும் முதல் வரிசையில் அல்ல, ஐந்தாம், ஆறாம் வரிசையின் நடைபாதை ஓரத்தில். தாமதமாக வருபவர் யார் காலையும் மிதிக்காமல் உட்காரலாம், வராவிட்டால் ஓட்டையும் தெரியாது. மூன்று, ஒவ்வொரு பாஸிலும் வரிசை எண், வாங்குபவர் பெயர், விலை மூன்றும் இருக்கட்டும். "மதிப்பு ரூ.500" என்று அச்சிட்ட பாஸை வாங்குகிறவருக்கு, தமக்கு என்ன கொடுக்கப்பட்டதென்று தெரியும். நான்கு, பாஸ் வைத்திருப்பவர் ஆறரைக்குள் கவுன்ட்டரில் இருக்கைச் சீட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆறே முக்காலுக்கு அந்த இடம் விற்பனைக்கு வந்துவிடும். இதை பாஸிலேயே அச்சிடுங்கள், யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்.

நடிகர்களின் குடும்பத்துக்கு முதல் ஷோவில் ஆளுக்கு இரண்டு, பிறகு பாதி விலை. பத்திரிகையாளர்களுக்கு முதல் ஷோ மட்டும். அரசு அலுவலகங்களிலிருந்து கேட்டு வருபவர்களை மறுக்க முடியாது என்பீர்கள். மறுக்க வேண்டாம், வார நாள் ஷோவுக்குக் கொடுங்கள். பாஸ் நோட்டு ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். செயலாளர் பத்து, பொருளாளர் பத்து, துணைத்தலைவர் பத்து என்று பிரித்துக் கொடுத்த அன்றே விஷயம் கைமீறிவிடும்.

அரங்கம் நிஜமாகவே காலியாக இருந்து ஆள் நிரப்ப வேண்டிய நாளும் வரும். அப்போது கல்லூரி நாடக மன்றம் ஒன்றுக்கு மொத்தமாக முப்பது இடம் கொடுங்கள், ஒரே பொறுப்பாளர் மூலமாக. தெரிந்தவர், அறிந்தவர், அக்கம்பக்கம் என்று இறைக்காதீர்கள். ஓசியில் பழகியவர் அடுத்த நாடகத்துக்கும் பாஸ் எப்போது வரும் என்றுதான் போன் செய்வார். டிக்கெட் வாங்கக்கூடிய ஆளை நாமே கெடுக்கிறோம்.

கே: இருக்கை எண் போடாமல், முதலில் வருபவருக்கு முதலிடம் என்று விடலாமா? (பாண்டிச்சேரி)

நூறு இருக்கைக்குள் என்றால் விடலாம். அதற்கு மேல் போனால் ஒருவர் வந்து எட்டு நாற்காலியில் துண்டும் கைப்பையும் போட்டு வைப்பார். தவிர, எண் இல்லாத அரங்கில் இரண்டு விலை வைக்க முடியாது. 150 முதல் 400 இருக்கை வரை மூன்று விலை போதும். நடு விலையில்தான் பாதிக்கு மேல் இருக்கைகள் இருக்க வேண்டும். ஐந்து விலை வைத்தால் கவுன்ட்டரில் விளக்கம் சொல்லியே வரிசை தெருவுக்குப் போய்விடும்.

கே: டிசம்பரில் சென்னையில் நாடகம் போட்டால் கூட்டம் வருமா?

இசை விழாவில் நல்ல ஹால் கிடைக்காது, கிடைத்தாலும் உங்கள் பார்வையாளர் கச்சேரியில் இருப்பார். வேண்டாம். மார்ச் கடைசியிலும் வேண்டாம், வீட்டுக்கு வீடு பரீட்சை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நல்லது. ஞாயிறு மாலை என்றால் ஆறு மணிக்கே தொடங்கி எட்டேகாலுக்குள் முடியுங்கள், மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பஸ் கிடைக்க வேண்டும்.

கே: சந்தா 2,500. வருடம் 24 நிகழ்ச்சி. உறுப்பினர் 400 பேர். ஆனாலும் ஜனவரியில் கையில் காசில்லை. ஏன்? (சென்னை, சபா பொருளாளர்)

எண்களோடு எழுதியதற்கு நன்றி.

2,500ஐ 24ஆல் வகுத்தால் நிகழ்ச்சிக்கு 104 ரூபாய். அட்டைக்கு இருவர் அனுமதி என்றால் தலைக்கு 52. இந்த விலைக்கு ஒரு நாடகக் குழுவுக்கு நியாயமான தொகை கொடுக்க முடியாது. அதனால்தான் குழுக்களிடம் வருடா வருடம் பேரம் பேசுகிறீர்கள், அவர்களும் செட்டைக் குறைத்து இரண்டு நாற்காலியும் ஒரு டீப்பாயுமாக வருகிறார்கள். அதைப் பார்த்து உறுப்பினர் அடுத்த வருடம் புதுப்பிக்காமல் விடுகிறார்.

ஜனவரியில் காசில்லாததற்குக் காரணம் வேறு. ஏப்ரலில் வரும் பத்து லட்சம் ஏப்ரல் மாத வருமானம் அல்ல. 24 நிகழ்ச்சிக்கு நீங்கள் பட்ட கடன். நிகழ்ச்சி முடிந்த பிறகு 24இல் ஒரு பங்கை, சுமார் 41,700ஐ, மட்டும் வருமானமாக எடுங்கள். மிச்சம் தனிக் கணக்கில் இருக்கட்டும். மே மாதத்தில் பிரபல குழுவுக்கு இரண்டு லட்சம் கொடுத்தால் ஏறக்குறைய ஐந்து நிகழ்ச்சிகளின் பணத்தை ஒரே நாளில் செலவழிக்கிறீர்கள் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

24ஐ 14 ஆக்குங்கள். நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய 70,000 கிடைக்கும். 400 பேருக்கு அட்டை இருந்தாலும் ஒரே நாளில் எல்லோரும் வருவதில்லை. மூன்று மாதம் வாசலில் எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகு மீதி இருக்கைகளை வெளியாருக்கு டிக்கெட்டாக விற்கலாம். அதிலும் அறுபது சதவீதக் கணக்குத்தான்.

கே: கடைசி நாளில் விற்காத டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தரலாமா? (சேலம்)

கூடாது. முழு விலைக்கு முன்பே வாங்கியவர் ஏமாந்தவராகிறார், மற்றவர் கடைசி நாள் வரை காத்திருக்கப் பழகுகிறார். சலுகையை முன்னால் கொடுங்கள்: முதல் 50 டிக்கெட் 300, பிறகு 400. முன்பணம் கைக்கு வரும், கூட்டத்தின் அளவும் இரண்டு வாரம் முன்பே தெரியும்.

கே: ஜவுளிக்கடை ஒன்று 50,000 தருகிறது. 60 டிக்கெட் கேட்கிறார்கள். சரியா? (ஈரோடு)

400 ரூபாய் டிக்கெட் 60 என்றால் 24,000. ஆக அவர்கள் தருவது 26,000. அந்த 60 பேர் வராமல் போனால் நடுவில் பெரிய ஓட்டை விழும். 20 டிக்கெட் கொடுங்கள், மற்ற 40க்குப் பதிலாக மேடை அறிவிப்பும் நுழைவாயில் பேனரும் தாருங்கள். பாதிப் பணம் ஷோவுக்கு முன் வாங்கிவிட வேண்டும்.

கே: ஹாலில் 412 இருக்கை என்றார்கள். விற்ற பிறகு பார்த்தால் 396தான் இருக்கிறது. (தஞ்சாவூர்)

விற்பதற்கு முன் ஏன் எண்ணவில்லை? வாடகை ரசீதில் இருக்கும் எண் ஹால் கட்டிய நாளின் எண். உடைந்தவை, கழற்றியவை எல்லாம் உண்டு; I, O என்ற எழுத்துகளுக்கு வரிசையே இல்லாத ஹாலும் உண்டு. ஒருவரை அனுப்பி ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்து நாற்காலியிலிருந்து மேடையின் மறுகோடி தெரிகிறதா, ஸ்பீக்கர் மறைக்கிறதா, பால்கனிக் கைப்பிடி கண்ணுக்கு நேராக வருகிறதா என்று குறிக்கட்டும். மறைக்கும் இருக்கையை விற்பதானால் மறைக்கும் என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கலாம்.

கே: நவம்பர் மழையில் ஷோ ரத்தானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? (கடலூர்)

தர வேண்டும், முழுதாக. வேறு தேதி சொல்லலாம், வர முடியாதவருக்குப் பணம். அதற்காகத்தான் டிக்கெட் பணத்தை ஷோ முடியும் வரை தொடக்கூடாது என்கிறேன். ஹால் வாடகை ஒப்பந்தத்தில், மழையால் ரத்தானால் முன்பணம் அடுத்த தேதிக்குச் செல்லும் என்ற வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.