கேள்வி – பதில்: தோல் ஏன் சாம்பல் நிறமாகிறது?

கேள்வி: அம்மம்மாவின் முகத்தைப் போட்டோ பார்த்து எண்ணெய் வர்ணத்தில் வரைகிறேன். சாயல் வருகிறது. தோல்தான் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. நிழலுக்குக் கறுப்பும் வெளிச்சத்துக்கு வெள்ளையும் கலக்கிறேன். என்ன பிழை?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: சாயல் வந்துவிட்டதா? அப்படியென்றால் கஷ்டமான பாதியைத் தாண்டிவிட்டீர்கள், தங்கச்சி. பிழை அந்தக் கறுப்பிலும் வெள்ளையிலும்தான். எங்கள் தோல் நிழலில் வெறும் கறுப்பாகாது, சிவந்த பழுப்பாக ஆழமாகும். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்போடு அல்ட்ராமரீன் நீலம் கொஞ்சம் கலந்து பாருங்கள், கறுப்பு டியூப்பே வேண்டியிருக்காது. வெளிச்சத்தை முதலில் மஞ்சள் ஓக்கரால், அதாவது மண்மஞ்சளால், ஏற்றுங்கள். வெள்ளை கடைசியில், துளியாக. மூக்கு நுனி, காது மடல், கன்னம் எல்லாம் நெற்றியைவிடச் சிவப்பு. பழைய போட்டோவில் இது தெரியாது. ஜன்னலோரம் கண்ணாடியில் உங்கள் முகத்தையே பாருங்கள்.

அப்புறம், பொறுமை. எண்ணெய் வர்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது. அம்பர் சீக்கிரம் காயும், டைட்டேனியம் வெள்ளை நாளெடுக்கும். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்கட்டும். மாறிச் செய்தால் பிறகு பூச்சில் வெடிப்பு விழும்.

ஒரு நாள் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸிலுள்ள சபுமல் நிறுவகம் என்ற ஓவியக் கூடத்துக்குக் கட்டாயம் போங்கள். இலங்கையின் நவீன ஓவியர்கள் 1943இல் அமைத்த 43 குழுவைச் சேர்ந்த, உருவப்படத்துக்குப் பேர்போன ஹாரி பீரிஸ் (1904–1988) வாழ்ந்த வீடு அது. அங்குள்ள முகங்களில் தாடைக்குக் கீழே விழும் நிழலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். என்னென்ன நிறம் தெரிகிறதென்று எனக்கு எழுதுங்கள்.